குளோரோபென்சீன் ஸ்லோவும் ஆகுது, ஆர்த்தோ பாராவுக்கும் போகுது, இது எப்படி? (பென்சீன் சப்ஸ்டிடியூஷன் டவுட்டு)

வியாசர்பாடி_பிஎஸ்சி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎஸ்சி கெமிஸ்ட்ரி ஃபர்ஸ்ட் இயர், ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப காலேஜ்ல எல்லாமே இங்கிலீஷ்ல ஓடுறதால கிளாஸ்ல பாதி போறது புரியறதுக்குள்ள அடுத்த டாபிக் வந்துடுது. பென்சீனோட எலக்ட்ரோஃபிலிக் சப்ஸ்டிடியூஷன் (வளையத்துல இருக்குற ஹைட்ரஜன் போய் அந்த இடத்துல வேற க்ரூப் ஏறுறது) நடத்தி முடிச்சுட்டாங்க, இன்டர்னல் டெஸ்ட் வரப்போகுது, ஆனா எனக்கு அடிப்படையே ஆடுது.

முதல்ல, பென்சீன்ல மூணு டபுள் பாண்ட் போடுறோம், அப்புறம் ஏன் புரோமின் வாட்டர் கலர் போக மாட்டேங்குது, எத்திலீன்ல உடனே போயிடுதே. அடுத்து அந்த டைரக்டிங் க்ரூப் டேபிள், அதாவது வளையத்துல ஏற்கனவே இருக்குற க்ரூப் அடுத்து வர்றத எந்த இடத்துக்கு அனுப்பும்ங்கற பட்டியல். பக்கத்து இடம் ஆர்த்தோ, ஒண்ணு தள்ளி மெட்டா, நேர் எதிர் பாரா. டொலுயீன் (மெத்தில் ஒட்டுன பென்சீன்) வேகமா ரியாக்ட் ஆகும், ஆர்த்தோ பாரா. நைட்ரோபென்சீன் மெதுவா, மெட்டா. சரி, வேகமா போனா ஆர்த்தோ பாரா, மெதுவா போனா மெட்டான்னு மனசுல வச்சுக்கிட்டேன். குளோரோபென்சீன் வந்ததும் அது உடைஞ்சுடுச்சு, மெதுவா போகுதாம் ஆனா ஆர்த்தோ பாராவாம். அனிலீன்ல அதுக்கும் மேல, அமினோ க்ரூப் ஆர்த்தோ பாரான்னு டேபிள்ல போட்டுட்டு அடுத்த பக்கத்துலயே அனிலீன நைட்ரேஷன் பண்ணா 47 சதவீதம் மெட்டா வருதுன்னு போட்டிருக்கு. கிளாஸ்ல கேட்டதுக்கு எக்செப்ஷன், அப்படியே படிச்சு எழுதுன்னு பதில். கன்னிமாரா லைப்ரரில போய் உக்காந்து பெரிய புக்லாம் புரட்டிப் பாத்தேன், அம்புக்குறியா போட்டு வச்சிருக்காங்க, ஒண்ணும் ஏறல. யாராவது தமிழ்ல சொல்லிக்கொடுத்தா ரொம்ப உதவியா இருக்கும்.

பெரம்பூர்_கெமிஸ்ட்ரி_மிஸ்:

தம்பி, அந்த டேபிள மூடி வைப்பா. எக்செப்ஷன்னு இதுல எதுவுமே இல்ல, நீ கேட்ட எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் இருக்கு, ரியாக்ஷன் நடுவுல உருவாகுற அந்த பாசிடிவ் அயனி. அத வரையத் தெரிஞ்சா டேபிள நீயே எழுதிடுவ. ட்யூஷனுக்கு வர்ற பசங்ககிட்டயும் நான் இததான் வருஷா வருஷம் மன்றாடிக்கிட்டு இருக்கேன், மனப்பாடம் பண்ணாதீங்கப்பா, வரைங்க.

புரோமின் கேள்விய முதல்ல பாப்போம். சைக்ளோஹெக்சீன்ல ஒரு டபுள் பாண்ட், ஹைட்ரஜன் ஏத்தினா 28.6 கிலோகலோரி வெளிய வரும், ஒரு மோலுக்கு. பென்சீன்ல நெஜமாவே தனித்தனியா மூணு இருந்தா 85.8 வரணும். அளந்து பாத்தா 49.8 தான். அந்த 36 கிலோகலோரி அளவுக்கு பென்சீன் நாம பேப்பர்ல போடுற படத்த விட கீழ, நிம்மதியா உக்காந்திருக்கு. பாண்ட் நீளமும் அப்படித்தான், ஆறும் ஒரே 139 பிகோமீட்டர், சிங்கிள் 154க்கும் டபுள் 134க்கும் நடுவுல. ஆறு எலக்ட்ரானும் வளையம் முழுக்கப் பரவி இருக்கு, எந்த ரெண்டு கார்பனுக்கும் சொந்தமா ஒரு டபுள் பாண்ட் கிடையாது.

இப்ப அதுமேல ஒரு எலக்ட்ரோஃபைல், அதாவது எலக்ட்ரான தேடி வர்ற ஆளு, வந்து ஒட்டணும்னா வளையம் ரெண்டு எலக்ட்ரான் குடுக்கணும், குடுத்த நிமிஷமே அரோமேட்டிக் தன்மை, அதாவது எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவுறதால கிடைச்ச அந்த நிம்மதி, போயிடும், அதனால முதல் படி மலை ஏறுற வேலை. சும்மா புரோமினால அது முடியாது. ஃபெரிக் புரோமைடு போட்டா அது புரோமினோட ஒரு முனைய இழுத்துப் பிடிச்சுக்கும், இன்னொரு முனை நல்ல பாசிடிவா மாறி அப்பதான் வளையத்தத் தொட முடியும். தொட்டதும் வர்ற அயனிய சிக்மா காம்ப்ளெக்ஸ்னு சொல்வாங்க, வீலண்ட் இன்டர்மீடியட்னும் புக்ல இருக்கும். இந்த எடத்துல பேனாவ எடுத்து வரை: புரோமின் ஒட்டுன கார்பன்ல ஹைட்ரஜனும் இருக்கு புரோமினும் இருக்கு, பாசிடிவ் சார்ஜ் அந்த கார்பனுக்கு ரெண்டு பக்கத்துல இருக்குற ஆர்த்தோ கார்பன்லயும் எதிர்ல இருக்குற பாராலயும் மாறி மாறி உக்காரும், மெட்டால உக்காரவே உக்காராது. மூணு படம், அவ்ளோதான். இந்த மூணு படத்த கண்ண மூடிட்டு வரையற அளவுக்கு வந்துட்டேன்னா மிச்சம் எல்லாம் தானா வரும்.

அந்த அயனிக்கு இப்ப ரெண்டு வழி. புரோமைடு வந்து சேந்தா எத்திலீன் மாதிரி அடிஷன், ஆனா அந்த 36 கிலோகலோரில பெரும்பகுதி போனது போனதுதான். ஹைட்ரஜன புரோட்டானா கழட்டி விட்டா அந்த எலக்ட்ரான் ஜோடி வளையத்துக்கே திரும்பி அரோமேட்டிக் தன்மை முழுசா கிடைச்சுடும். அதனாலதான் சப்ஸ்டிடியூஷன்.

நைட்ரேஷன்லயும் இதே கதைதான், எலக்ட்ரோஃபைல் மட்டும் வேற. அடர் நைட்ரிக், அடர் சல்ஃபூரிக் ரெண்டையும் கலக்கும்போது நைட்ரிக் ஆசிட் அங்க பேஸா வேலை செய்யுது, சல்ஃபூரிக்கிட்ட இருந்து புரோட்டான் வாங்கிட்டு தண்ணிய விட்டா நைட்ரோனியம் அயனி. 50லேர்ந்து 60 டிகிரிக்குள்ள வச்சா மோனோ நைட்ரோவோட நிக்கும்.

முதல் படிதான் மெதுவான படின்னு எப்படித் தெரியும்னு பரீட்சைல கேப்பாங்க. 1950ல மெலாண்டர்ங்கற ஸ்வீடன் விஞ்ஞானி ஹைட்ரஜனுக்கு பதிலா ட்ரிஷியம் வச்ச வளையங்கள நைட்ரேஷன் பண்ணிப் பாத்தார். ட்ரிஷியம் ஹைட்ரஜன விட கனம், அந்த பாண்ட் உடையறது மெதுவான படியா இருந்தா வேகம் நல்லா கொறஞ்சிருக்கணும். கொறையவே இல்ல. அப்ப பாண்ட் உடையறது பின்னாடி சட்டுனு நடக்குற வேலை, கஷ்டம் எல்லாம் எலக்ட்ரோஃபைல் வந்து ஒட்டுறதுல. அதனாலதான் அந்த அயனி எவ்ளோ நிம்மதியா இருக்குங்கறத வச்சு எல்லாத்தையும் முடிவு பண்ணலாம்னு தைரியமா சொல்றேன்.

குளோரின் வேற யாராவது சொல்றாங்களான்னு பாக்குறேன், ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, ராத்திரி வர்றேன்.

கிண்டி_ஆர்கானிக்:

மிஸ் சொன்ன அந்த மூணு படத்துலேர்ந்தே எடுத்துக்கறேன். தம்பி, நீ ரெண்டு வேற வேற கேள்விய ஒண்ணா கட்டி வச்சிருக்க, அதான் சிக்கல். வேகமா மெதுவாங்கறது பென்சீனோட ஒப்பிட்டுக் கேக்குற கேள்வி. ஆர்த்தோவா மெட்டாவாங்கறது அதே மாலிக்யூலுக்குள்ள ஒரு இடத்த இன்னொரு இடத்தோட ஒப்பிட்டுக் கேக்குற கேள்வி. வேளச்சேரி ட்ரெயின் லேட்டா வர்றது வேற, வந்ததுக்கப்புறம் எந்த பிளாட்ஃபார்ம்ல நிக்குதுங்கறது வேற இல்லையா, அந்த மாதிரி.

குளோரின் எலக்ட்ரான இழுக்குற ஆளு, சிக்மா பாண்ட் வழியா வளையம் முழுக்க இழுக்கும், அதனால எந்த இடத்துல எலக்ட்ரோஃபைல் ஒட்டினாலும் வர்ற அயனி பென்சீன்ல வர்றத விட மோசம்தான். நைட்ரேஷன்ல பென்சீன் வேகத்த 1ன்னு வச்சா டொலுயீன் கிட்டத்தட்ட 25, குளோரோபென்சீன் 0.03 சுமாரு. நைட்ரோபென்சீன் கோடியில ஒரு பங்குக்கும் கீழ. இது முதல் கேள்விக்கு பதில்.

ரெண்டாவதுக்கு வரைஞ்சு பாரு. பாராவுல ஒட்டினா அந்த மூணு படத்துல ஒண்ணுல பாசிடிவ் சார்ஜ் குளோரின் இருக்குற கார்பன்லயே வந்து உக்காருது. அந்த நேரத்துல குளோரின் தன்னோட லோன் பேர (பாண்ட்ல சேராம தனியா இருக்குற எலக்ட்ரான் ஜோடி) குடுத்து டபுள் பாண்ட் போட்டு நாலாவதா ஒரு படம் தரும், அதுல எல்லா கார்பனுக்கும் எட்டு எலக்ட்ரான் நெறஞ்சிருக்கும். ஆர்த்தோலயும் இதே. மெட்டால ஒட்டினா சார்ஜ் குளோரின் கார்பனுக்கு வரவே வராது, லோன் பேர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதனால மூணு இடமும் மோசம், ஆர்த்தோ பாரா கொஞ்சம் கம்மி மோசம், மெட்டா ரொம்ப மோசம். நைட்ரேஷன் பண்ணா சுமார் 30 சதவீதம் ஆர்த்தோ, 70 பாரா, மெட்டா ஒரு சதவீதம் கூட தேறாது. ரெண்டு ஆர்த்தோ இடம் இருந்தும் பாரா ஜெயிக்குது பாத்தியா, குளோரினோட இழுப்பு பக்கத்துல இருக்குற ஆர்த்தோவத்தான் அதிகமா பாதிக்கும், போதாததுக்கு இட நெருக்கடி வேற.

நைட்ரோவுக்கும் அதே படத்த போடு. ஆர்த்தோ பாராவுல ஒட்டினா சார்ஜ் நைட்ரோ ஒட்டிட்டு இருக்குற கார்பன்ல வரும், நைட்ரோவுல நைட்ரஜனே ஏற்கனவே பாசிடிவ், பக்கத்து பக்கத்துல ரெண்டு பாசிடிவ். மெட்டால அந்தக் கொடுமை இல்ல. அதனால 93 சதவீதம் மெட்டா வருது. மெட்டாவ நைட்ரோ கூப்பிடல தம்பி, மத்த ரெண்டையும் கெடுத்து வச்சிருக்கு, அவ்வளவுதான். இத புரிஞ்சுக்காம மெட்டா டைரக்டர்னு பேர் மட்டும் படிச்சுட்டு எம்எஸ்சி வரைக்கும் வர்றவங்கள பாக்குறப்ப எனக்கு வருத்தமா இருக்கும்.

வியாசர்பாடி_பிஎஸ்சி:

அண்ணா, மிஸ், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நோட்டுல வரைஞ்சேன், டொலுயீனுக்கும் போட்டுப் பாத்தேன், பாராவுல ஒட்டுனா மெத்தில் இருக்குற கார்பன்ல சார்ஜ் வருது, அது மூணாம் நிலை கார்போகேட்டயான் (மூணு கார்பன் ஒட்டிட்டு இருக்குற பாசிடிவ் கார்பன்) ஆகுது, அதனால நல்லது, சரியா? அப்ப ஃபீனால்ல ஆக்சிஜனோட லோன் பேர் இருக்கே, அது குளோரின விட நல்லா குடுக்குமா, ஆக்சிஜனும் எலக்ட்ரான இழுக்குற ஆளுதானே?

கிண்டி_ஆர்கானிக்:

டொலுயீன் சரி. ஆக்சிஜனும் இழுக்கும், ஆனா அதோட லோன் பேர் இருக்குறது 2பி ஆர்பிட்டால், கார்பனோடதும் 2பி, அளவு பொருந்துது, நல்லா ஒட்டும். குளோரினோடது 3பி, பெருசு, சரியா பொருந்தாது, குடுக்குறது கொறச்சல். அதனால ஆக்சிஜன்ல குடுக்குறது ஜெயிக்குது, குளோரின்ல இழுக்குறது ஜெயிக்குது. ஃபீனால் எவ்ளோ சுறுசுறுப்புன்னா அதுக்கு ஃபெரிக் புரோமைடே வேணாம், நீ முதல்ல கேட்ட அதே புரோமின் வாட்டர ஊத்தினா போதும். டெஸ்ட் ட்யூப்ல ஃபீனால் கரைசல் எடுத்து புரோமின் வாட்டர் சொட்டு சொட்டா விட்டா ஆரஞ்சு கலர் விழுந்த இடத்துலயே மறைஞ்சு வெள்ளையா கட்டி கட்டியா வீழ்படிவு வரும், 2,4,6 ட்ரைபுரோமோஃபீனால், ரெண்டு ஆர்த்தோ ஒரு பாரா மூணுமே ஒரேயடியா நெறஞ்சுடும். உங்க லேப்ல இத கட்டாயம் செய்ய வைப்பாங்க, அந்த ட்யூப கையில பிடிச்சுட்டு இந்தப் படங்கள நெனச்சுப் பாரு.

மணலி_ஷிப்ட்:

ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு வந்து படிச்சேன், விட மனசில்ல. நான் சல்ஃபோனேஷன் யூனிட்ல வேலை பாக்குறவன், தம்பி நீ படிக்கிற இந்த பாடம் உங்க ஏரியாவுலேர்ந்து பஸ் பிடிச்சு வர்ற தூரத்துல டன் கணக்குல ஓடிட்டு இருக்கு, அத யாரும் கிளாஸ்ல சொல்ல மாட்டாங்க.

மணலில தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ் தயாரிக்கிறது லீனியர் அல்கைல் பென்சீன், துணி சோப்புப் பவுடருக்கு அடிப்படை சரக்கு. இதுல இருக்குறது ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ் அல்கைலேஷன்தான், அதாவது பென்சீன் வளையத்துல கார்பன் சங்கிலிய ஒட்டுறது. ஃப்ரீடலும் கிராஃப்ட்ஸும் 1877ல அலுமினியம் குளோரைடு வச்சு கண்டுபிடிச்சது, இந்தத் தொழில்ல மண்ணெண்ணெய்லேர்ந்து 10 முதல் 13 கார்பன் வரைக்கும் இருக்குற நேர் சங்கிலி பாரஃபின பிரிச்சு, ஹைட்ரஜன எடுத்து ஓலிஃபின் (டபுள் பாண்ட் உள்ள சங்கிலி) ஆக்கி, அத பென்சீனோட சேப்பாங்க. உலகம் முழுக்க இதுக்கு ரொம்ப காலமா ஹைட்ரஜன் ஃப்ளோரைடுதான் கேட்டலிஸ்ட், திட கேட்டலிஸ்ட் பின்னாடி வந்தது.

உன் பாடத்துல ரெண்டு குறை எழுதியிருப்பாங்க பாரு இந்த ரியாக்ஷனுக்கு. ஒண்ணு, அல்கைல் ஏறுன பென்சீன் வெறும் பென்சீன விட சுறுசுறுப்பு, அதனால ஒண்ணோட நிக்காது, ரெண்டு மூணு ஏறும். தொழில்ல அதுக்கு வைத்தியம், பென்சீன ஓலிஃபின விட பல மடங்கு அதிகமா விட்டு, மிச்ச பென்சீன வடிச்சு எடுத்து திரும்ப உள்ள அனுப்புறது. ரெண்டாவது, கார்போகேட்டயான் தனக்கு வசதியான இடத்துக்கு மாறிக்கும். நார்மல் புரோப்பைல் குளோரைடு போட்டா ஐசோபுரோப்பைல் பென்சீன்தான் அதிகமா வரும்னு படிச்சிருப்ப. இங்கயும் அதே, பென்சீன் சங்கிலியோட நுனியில ஒட்டாது, ரெண்டாவது மூணாவது நாலாவது கார்பன், இப்படி நடுவுல எங்கயாவதுதான் ஒட்டும், ஏன்னா பாசிடிவ் சார்ஜ் நுனி கார்பன்ல நிக்காது. நேர் சங்கிலின்னு சொல்றது அந்தச் சங்கிலில கிளை இல்லங்கறதுக்குத்தான். அது எவ்ளோ முக்கியம்னா 1950கள்ல கிளை உள்ள சங்கிலிய வச்சு டிடர்ஜென்ட் பண்ணாங்க, பாக்டீரியாவால அத சிதைக்க முடியல, வெளிநாட்டு ஆறுகள்ல நுரை மலை மலையா நின்னுச்சு, அதுக்கப்புறம் 60கள்லதான் நேர் சங்கிலிக்கு மாறுனாங்க. ஒரு கார்போகேட்டயான் எங்க உக்காருதுங்கறது ஆத்துத் தண்ணி வரைக்கும் போகுது தம்பி.

அடுத்த கட்டம் நாங்க பண்ற சல்ஃபோனேஷன். எலக்ட்ரோஃபைல் சல்ஃபர் ட்ரையாக்சைடு, உலர்ந்த காத்துல கலந்து விடுவோம், நேரா விட்டா சூடு தாங்காது. குழாயோட உள்சுவர்ல ஆயில் மெல்லிசா வழிஞ்சு இறங்கும், வாயு கூடவே இறங்கும், வெளிய தண்ணி ஓடி குளுமையா வச்சிருக்கும், டெம்பரேச்சர் கொஞ்சம் ஏறுனாலும் சரக்கு கறுத்துடும், சாம்பிள் கண்ணாடிக் குப்பில எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாலே யாரு ஷிப்ட்ல என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுடும். சங்கிலி பெருசு, ஆர்த்தோவுல இடம் கெடையாது, அதனால சல்ஃபோனிக் க்ரூப் பெரும்பாலும் பாராவுலதான் ஏறும். வர்ற சரக்குதான் ஆசிட் ஸ்லரி, பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடைகள்ல கேன்ல விக்கிறத வாங்கி காஸ்டிக் சோடாவோ சோடா ஆஷோ போட்டு வீட்லயே சோப் ஆயில் காய்ச்சி விக்கிற அக்காமாருங்க எத்தனையோ பேர். அவங்கள்ல யாராவது இத படிச்சா, கையுறை கண்ணாடி இல்லாம அத தொடாதீங்கக்கா, ஸ்லரி ஆசிட், தோலப் பொசுக்கும்.

பெரம்பூர்_கெமிஸ்ட்ரி_மிஸ்:

மணலி அண்ணா, நீங்க எழுதினத அப்படியே என் பசங்களுக்குப் படிச்சுக் காட்டப் போறேன், புக்ல ரெண்டு வரில முடிச்சுடுறாங்க இத.

சல்ஃபோனேஷன்ல இன்னொண்ணு சேத்துக்கோ தம்பி, இந்தக் குடும்பத்துல நல்லா திரும்பிப் போகக்கூடியது அது. நீர்த்த ஆசிட்ல நீராவி விட்டு சூடாக்கினா சல்ஃபோனிக் க்ரூப் கழண்டுடும். அதனால ஒரு இடத்த கொஞ்ச நேரம் அடைச்சு வச்சு, வேற இடத்துல வேலைய முடிச்சுட்டு, அப்புறம் கழட்டி விடலாம்.

இப்ப அனிலீன். நைட்ரேஷன் கலவைல அடர் சல்ஃபூரிக் இருக்கு, அனிலீன் பேஸ், உள்ள போன உடனே நைட்ரஜனோட லோன் பேர் புரோட்டான பிடிச்சுக்கும், அனிலீனியம் அயனி ஆயிடும். இப்ப அங்க இருக்குறது அமினோ இல்ல, லோன் பேரே இல்லாத ஒரு பாசிடிவ் நைட்ரஜன், பெரும்பாலும் மெட்டாவுக்குத்தான் அனுப்பும். புரோட்டான் பிடிக்காத அனிலீன் துளியூண்டுதான் இருக்கும், ஆனா அது அசுர வேகத்துல பாராவுக்குப் போகும். அதனால 51 பாரா, 47 மெட்டா, 2 ஆர்த்தோ. உன் டேபிளும் சரி, அடுத்த பக்கமும் சரி, ரெண்டும் பேசுறது வேற வேற மாலிக்யூல பத்தி. ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ் அனிலீன்ல நடக்காததுக்கும் இதே காரணம், அந்த லோன் பேர் அலுமினியம் குளோரைட பிடிச்சுக்கும்.

இதுக்கு வழி, முதல்ல அசிட்டைல் க்ரூப் போட்டு அசிட்டனிலைடு ஆக்குறது. நைட்ரஜன் தன்னோட லோன் பேர பக்கத்துல இருக்குற கார்பனைலோட பங்கு போட்டுக்குறதால புரோட்டான அவ்ளோ சுலபமா பிடிக்காது, வளையத்துக்கும் கொஞ்சம் குடுக்கும். உங்க லேப்ல பென்சீன வச்சு நைட்ரேஷன் பண்ண விட மாட்டாங்க, அது கேன்சர் வரவைக்கிறது, பெரும்பாலும் இந்த அசிட்டனிலைடுதான் குடுப்பாங்க. ஐஸ்ல வச்சு கலவைய சொட்டு சொட்டா விடணும், அவசரப்பட்டா டைநைட்ரோ வந்துடும். முடிச்சு நொறுக்குன ஐஸ்ல ஊத்தினதும் திடமா பிரிஞ்சு வரும், அத வடிகட்டி ஆசிட்ல ஹைட்ராலிசிஸ் பண்ணி காரம் சேத்தா பளிச்சுனு மஞ்சளா பாரா நைட்ரோ அனிலீன்.

சரி, புரிஞ்சுதான்னு பாக்க ரெண்டு கணக்கு தர்றேன், படம் வரைஞ்சு பதில் போடு. பென்சீன்லேர்ந்து மெட்டா நைட்ரோ அசிட்டோஃபீனோன், எத முதல்ல ஏத்துவ? டொலுயீன்லேர்ந்து பாரா நைட்ரோ பென்சாயிக் ஆசிட், ஆக்சிடேஷன் முன்னாடியா பின்னாடியா?

வியாசர்பாடி_பிஎஸ்சி:

மிஸ், வரைஞ்சுட்டேன். முதல் கணக்குல நைட்ரோவும் அசிட்டைலும் ரெண்டுமே மெட்டாவுக்கு அனுப்புறதால எத முதல்ல போட்டாலும் வரும்னு தோணுச்சு, ஆனா நைட்ரோ முதல்ல போட்டா வளையம் செத்துப் போயிடும், ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ் நடக்காது, அதனால அசைலேஷன் (அசிட்டைல் ஏத்துறது) முதல்ல, நைட்ரேஷன் அப்புறம். ரெண்டாவதுல மெத்தில் பாராவுக்கு அனுப்பும், கார்பாக்சிலிக் ஆசிட் ஆயிட்டா மெட்டாவுக்கு அனுப்பும், அதனால நைட்ரேஷன் முதல்ல, ஆக்சிடேஷன் பின்னாடி. ஒரு கேள்வி, டொலுயீன் நைட்ரேஷன்ல ஆர்த்தோவும் நெறைய வருமே, அத எப்படி பிரிப்பாங்க?

பெரம்பூர்_கெமிஸ்ட்ரி_மிஸ்:

ரெண்டும் சரிப்பா. நைட்ரோபென்சீன் ஃப்ரீடல் கிராஃப்ட்ஸ்க்கு அசையாதுங்கறதாலதான் அதையே அந்த ரியாக்ஷனுக்கு கரைப்பானா கூட வச்சுக்குவாங்க. அலுமினியம் குளோரைடு அசைலேஷன்ல கேட்டலிஸ்ட் அளவு போதாது, வர்ற கீட்டோன் அத பிடிச்சு வச்சுக்கும், ஒரு மோலுக்கு மேலயே போடணும், இத பரீட்சைல எழுது.

ஆர்த்தோ பாரா பிரிக்கிறதுக்கு, டொலுயீன்ல ஆர்த்தோ சுமார் 58, பாரா 37, மெட்டா நாலு அஞ்சு சதவீதம். பாரா நைட்ரோ டொலுயீன் உருகுறது 52 டிகிரி கிட்ட, நம்ம ஊரு மே மாச வெயில்ல கூட திடமாத்தான் இருக்கும், ஆர்த்தோ சாதாரண வெப்பநிலைல திரவம். கலவைய நல்லா குளிர வச்சா பாரா படிகமா பிரியும், வடிகட்டிட்டு மிச்ச திரவத்த கொறஞ்ச அழுத்தத்துல வடிச்சு எடுப்பாங்க, கொதிநிலையும் ரெண்டுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. அடுத்து இதே படங்கள நாஃப்தலீனுக்குப் போட்டுப் பாரு, ஆல்ஃபா இடத்துல ஒட்டினா பக்கத்து வளையம் முழுசா இருக்குற படம் எத்தனை வருது, பீட்டால எத்தனைன்னு எண்ணிட்டு இங்கயே எழுது.